நெட்டித் தொப்பியில் இரண்டு பொட்டலங்கள்

அரபுப் பாலைவனத்து அல் ஐனில் ஒரு கோடைக்காலம் முழுவதும் நான் வெள்ளைக்காரத் துரைமார் அணியும் நெட்டித் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் அதை எழுதாமல் தப்பித்துவந்தேன். எழுத வேண்டாம் என்று சொன்னவள் என் மனைவி. "வாசகர்கள் உங்களைப் பத்தி இதுவரைக்கும் நல்லபடியா நெனச்சுக்கிட்டிருக்காங்க, கெடுத்துக்காதீங்க" என்பது அவள் கட்சி. வாசகர் கடிதங்களை நான் அவளுக்குக் காட்டுவதில்லை. அதனால் வந்த பிரமை.

தொப்பி மட்டும் என்றால் வெயில் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். அதை அணிந்துகொண்டு என்னை நான் விக்டோரியா மகாராணி காலத்துப் பட்டாளத்தின் கேப்டனாக நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்தில் என் அனுபவம், கல்லூரி என்.சி.சி.யில் பூட்ஸ் கடித்துப் பாதியில் நின்றதுதான். அல் ஐனில் என் உத்தியோகம், ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப்பில் டைப்பிஸ்ட்.

இப்போதும் கண்ணை மூடினால் அந்த வெள்ளிக்கிழமைக் காலை வருகிறது. மெஸ் கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் 'டிங் டிங்' என்று விரிகிற சத்தம். பருப்பு தாளித்த வாசனை. காவலாளி பட்டாணிக் கிழவர் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துவைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக முழக்குகிறார். தொப்பியை மல்லாக்கப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். தொப்பிக்குள் இரண்டு காகிதப் பொட்டலங்கள். எனக்கு முன்னால், குளித்துச் சலவைச் சட்டை போட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேர்: ஸ்டோர்கீப்பர் தர்மலிங்கம், டிராப்ட்ஸ்மேன் குமரேசன்.

அவர்கள் கையை விடுவதற்குள், தொப்பி எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் வந்த பட்டாளம்

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். கம்பெனியில் இருந்த வயதான ஆங்கிலேய எஞ்சினீயர் ஒருவர் ஊருக்குத் திரும்பினார். போகும்போது குளிர்ப்பெட்டியை மலையாளி போர்மேனுக்கும், நாயைப் பட்டாணிக் கிழவருக்கும் கொடுத்தார். எனக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. "நீ படிக்கிறவன்" என்றார். குளிர்ப்பெட்டி கிடைக்காதவனுக்குச் சொல்லும் ஆறுதல் அது.

பெட்டிக்குள் தொப்பியும், அதன் கீழே பழுப்பேறிய புத்தகங்களும் இருந்தன. எல்லாம் விக்டோரியா காலத்துச் சிப்பாய்களின் கதைகள். தளபதிகளின் கதை இல்லை. கஞ்சி குடித்த, சவுக்கடி வாங்கிய, காலில் கொப்புளத்தோடு நடந்த சாதாரணச் சிப்பாய்களின் வாழ்க்கை. பூச்சி அரித்த பக்கங்கள். ஆனாலும் ஊர்ப் பத்திரிகை மூன்று வாரம் கழித்து வந்த அந்தக் காலத்தில் பூச்சியையும் சேர்த்துப் படித்தேன்.

அக்காலத்தில் சிப்பாய் பிடிப்பது ஒரு கலை. தொப்பியில் வண்ண ரிப்பன் கட்டிய சார்ஜெண்ட் ஒருவன் ஊர்ச் சாராயக் கடையில் வந்து உட்காருவான். வேலையில்லாத ஓர் இளைஞனுக்கு ஊற்றிக் கொடுப்பான். சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் தங்கமும் மாம்பழமும் விளைவதாகச் சொல்வான். பேச்சுவாக்கில் மகாராணி தலை போட்ட ஒரு நாணயத்தை அவன் உள்ளங்கையில் வைத்துவிடுவான். விரலை மூடினால் தீர்ந்தது. மறுநாள் தலைவலியோடு எழும்போது அவன் பட்டாளத்தான்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே பார்த்தேன். கேம்ப்பில் கொடியில் காய்ந்த அத்தனை லுங்கிகளும், பனியன்களும் காற்றில் 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டின.

பல்லைக் காட்டு

எங்களைப் பிடித்த சார்ஜெண்ட் பம்பாயில் ஒரு லாட்ஜின் மாடியில் உட்கார்ந்திருந்தார். சாராயம் இல்லை, டீயும் பிஸ்கட்டும். துபாயில் மாம்பழம் விளைகிறது என்று அவர் சொல்லவில்லை. நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

விக்டோரியா டாக்டர் புதுச் சிப்பாயின் மார்பை நூல் போட்டு அளப்பார். கால் விரலை மடக்கச் சொல்வார். பல்லைத் தட்டிப் பார்ப்பார்; துப்பாக்கித் தோட்டாவின் காகித உறையைப் பல்லால் கடித்துப் பிய்க்க வேண்டிய காலம் அது. பம்பாய் லாட்ஜில் என்னையும் பல்லைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்கச் சொன்னார்கள்.

"நான் டைப்பிஸ்ட் சார்" என்றேன்.

"தூக்கு பாய், ஜல்தி" என்றார் ஏஜென்ட்.

மூட்டை அசையவில்லை. நான்தான் அசைந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தபடி அதைத் தோளில் போட்டுக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தவன் குடியாத்தத்துத் தர்மலிங்கம். இறக்கிவைக்கக் கைகொடுத்தவன் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குமரேசன். ஒரே நாளில் தேர்வாகி, ஒரே கப்பலில் வாந்தியெடுத்து, ஒரே லாரியில் அல் ஐன் வந்து சேர்ந்தோம். கேம்ப் ரூமில் மூன்று கட்டில்களையும் அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டோம். இந்த 'ஒரே நாள்' பின்னால் பெரிய தலைவலியாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

பகல் தூக்கத்தில் சிவப்புக் கோட்டு

கோடையில் மதியம் எங்களுக்கு ஓய்வு. ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் படுத்துக்கொள்வோம். சாக்கின் வழியாக வரும் வெளிச்சம் தேன் நிறத்தில் இருக்கும். வாசகம் கண்ணில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வரும். எந்த வரி வரைக்கும் படித்தேன், எந்த வரியிலிருந்து கனவு கண்டேன் என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஹஃபீத் மலை அடிவாரத்திலிருந்து அவர்கள் வருவார்கள். சிவப்புக் கம்பளிக் கோட்டு. கழுத்தில் இறுக்கிய தோல் பட்டை. தலையைக் குனிய விடாது. பரங்கிமலையில், பல்லாரியில், பர்மாவில் அதே கோட்டோடு செத்தவர்கள். கானல் அவர்களின் முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் அழித்துவிட்டிருக்கும். நடப்பது தெரியாது, மிதந்து வருவார்கள். கடைசியில் மாட்டு வண்டிகளில் பெண்கள், குழந்தைகள், கோழிக்கூண்டு.

மதராஸ் சிப்பாய்கள் விவரமானவர்கள். மாறுதல் வந்தால் பெண்டாட்டி, பிள்ளை, மாமியார், ஆடு என்று மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டுதான் அடுத்த ஊருக்கு நடப்பார்களாம். வெள்ளைச் சிப்பாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கப்பல் ஏறும் படையில் மிகச் சில மனைவிமார்களுக்குத்தான் இடம். யாருக்கு என்று எப்படி முடிவு செய்வது? துறைமுகத்தில் ஒரு தொப்பிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். 'போகலாம்' என்று சில. 'போக வேண்டாம்' என்று பல. ஒவ்வொருத்தியாக வந்து கையை விட்டு எடுப்பாள். 'வேண்டாம்' எடுத்தவள் கைக்குழந்தையோடு கரையில் நிற்பாள். கப்பல் போய்விடும். பத்து வருஷமோ, பதினைந்து வருஷமோ. பெரும்பாலும் அவ்வளவுதான்.

'போகலாம்' எடுத்தவள் மட்டும் என்ன சுகப்பட்டாள்? பட்டாளத்தான்கள் நூறு பேர் படுக்கும் கூடத்தின் ஒரு மூலையில் ஒரு கம்பளியைக் குறுக்கே கட்டித் தொங்கவிட்டால் அதற்குப் பின்னால் அவள் குடித்தனம். சமையல், சண்டை, பிரசவம் எல்லாம் அதற்குள். புருஷன் செத்தால் சில மாதங்களுக்குத்தான் சோறு. அதற்குள் வேறு சிப்பாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். புருஷனைப் புதைத்துவிட்டுத் திரும்பும் வழியிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள் என்றும், முதலில் கேட்டவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக அவள் அழுதுகொண்டே சொன்னாள் என்றும் ஒரு புத்தகத்தில் வருகிறது.

படித்த எல்லாவற்றிலும் அந்தத் தொப்பிதான் என் மனதில் நின்றது. பெட்டியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். அன்று தொடங்கியது.

ஒரு கேபின், இரண்டு கட்டில்

கேம்ப் மேனேஜரும் ஆங்கிலேயர்தான். எப்போதோ பட்டாளத்தில் இருந்தவராம். எல்லோரும் மேஜர் என்போம். ஒரு நாள் அவர் கூப்பிட்டு, சர்வேயர் காலி செய்த போர்ட்டா கேபின் என்கிற பெட்டி வீட்டைக் குடும்பக்காரன் ஒருவனுக்குத் தரப்போவதாகச் சொன்னார். ஆபீஸ் ஊழியர்களில் மூத்தவனுக்கு.

மூத்தவர்கள் இரண்டு பேர். தர்மலிங்கமும் குமரேசனும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.

"உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் வழக்குக் கொண்டுவரக் கூடாது. கலாஸ்" என்று பேச்சை முடித்தார் மேஜர்.

நான் அப்போது பிரம்மச்சாரி. கேபினில் எனக்குப் பாத்தியதை இல்லை. எனவே இருவரும் தனித்தனியே என்னிடம் வந்தார்கள்.

தர்மலிங்கம் கல்யாணமான ஆனி மாதமே கப்பல் ஏறியவன். "சார், அவ மொகமே மறந்து பூட்ச்சு சார். போட்டோவ எட்த்துப் பாத்தா போட்டோதான் நாவகம் வர்து. அவ வரமாட்டன்றா" என்றான். சிமெண்ட் மூட்டையைச் சுமந்து காட்டிய ஆள், சொல்லிவிட்டு மேஜையிலிருந்த கார்பன் தாள்களை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான்.

குமரேசனின் குறை வேறு. "ஏனுங்க சார், எங்கூட்ல பதினோரு பேருங்க. சமையக்கட்ல நின்னு பேசுனா அம்மா வந்துருவாங்க, கெணத்தடியில பேசுனா அக்கா வந்துரும். கண்ணாலம் ஆகி ஒரு வருசம் ஊர்ல இருந்தனுங்க. ஒருக்காவாச்சும் அவகூடத் தனியா ஒக்காந்து பேசியிருக்கனான்னு கேளுங்க. இல்லீங்க. அவளுக்கு என்ன புடிக்கும்னே எனக்குத் தெரியாதுங்க."

இரண்டும் ஒரே தராசில் நிறுக்கிற சரக்கில்லை. நாள் ஆக ஆக நண்பர்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு நாள் குமரேசன், தன் கால் தர்மலிங்கத்தின் தலைப்பக்கம் வருகிற மாதிரித் திரும்பிப் படுத்தான். மறுநாள் தர்மலிங்கமும் திரும்பிப் படுத்தான். அதனால் இருவருடைய தலையும் மறுபடி ஒரே பக்கம் வந்துவிட்டது. அதற்காகவும் கோபித்துக்கொண்டார்கள்.

தொப்பிக்காரன் சும்மா இருப்பேனா? "குலுக்கிப் போடுவோம்" என்றேன். மகாராணியின் பட்டாளமே அப்படித்தான் செய்தது என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

"சீட்டெல்லாம் வாணாம் சார்" என்றான் தர்மலிங்கம். "பூ கட்டிப் பாப்போம். சாமி சொன்னா யாரும் எதிர்ப் பேச்சு பேச முடியாது."

ஒரு வாரத்தில் முதல்முறையாகக் குமரேசன் அவன் சொன்னதற்குத் தலையாட்டினான்.

பூ கிடைக்காத ஊர்

பூ கட்டிப் பார்ப்பது தெரிந்ததுதான். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, நினைத்த காரியத்துக்கு உத்தரவு கேட்பது. அல் ஐனில் பேரீச்சை உண்டு, வேலி மரம் உண்டு, ஒட்டகம் தின்று மிச்சம் வைத்த செடி உண்டு. பூவுக்கு எங்கே போக?

அதற்குப் பதிலாகத் தர்மலிங்கம் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து கெங்கையம்மன் கோயில் குங்குமத்தைக் கொடுத்தான். குமரேசன் மருதமலைத் திருநீற்றைக் கொடுத்தான். டைப் அடிக்கும் தாளைக் கிழித்து இரண்டையும் ஒரே அளவில் மடித்தேன். டின் மேளத்துக்கு ஏற்பாடு செய்தேன். தொப்பிக்குப் பாலிஷ் போட்டேன். வெள்ளைத் தொப்பிக்குச் சப்பாத்து பாலிஷ் ஆகாது என்பது பிறகு தெரிந்தது. 'போகிறவர்களே, இருக்கிறவர்களே' என்று ஆரம்பிக்கும் ஒரு முன்னுரையைக்கூட மனப்பாடம் செய்தேன்.

செய்யாதது ஒன்றுதான். பூ கட்டிப் பார்க்கிறவர்கள் எதை மறந்தாலும் மறக்காத ஒன்று.

மெஸ் கொட்டகைக்குத் திரும்பி வந்துவிட்டோம். டின் முழங்குகிறது. தொப்பியை நீட்டுகிறேன். அந்த நேரத்தில் என் கண்ணில் கொட்டகை இல்லை. பனிமூட்டமான ஒரு துறைமுகம். நனைந்த கயிற்றின் வாசனை. சால்வை போர்த்திய பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

தர்மலிங்கம் எடுத்தான். குமரேசன் எடுத்தான். பிரித்தார்கள்.

தர்மலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அவன் கையில் குங்குமம். குமரேசன் கண்ணை மூடித் திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டான். பிறகு அந்த அதிசயம் நடந்தது. ஒரு வாரமாகப் பேசாதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

"மன்ச கஷ்டப்பட்த்திக்காத குமாரு. அட்த்த தபா ஒனக்குதான்" என்றான் தர்மலிங்கம்.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன் தர்மு" என்றான் குமரேசன்.

ஜெயித்தவனிடம் தோற்றவன் இப்படிப் பேசுகிறானே, என்ன பெருந்தன்மை என்று நான் கண்கலங்கினேன். யார் ஜெயித்தவன் என்று எனக்கும் தெரியாது என்பது அந்தக் கலக்கத்தில் உறைக்கவில்லை. பட்டாணிக் கிழவர் டின்னை வேகமாகத் தட்டி முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பருப்பும் சோறும் வந்தன.

இரண்டு போட்டோக்கள்

மறுநாள் காலை நான் டைப்ரைட்டர் உறையைக் கழற்றும்போது தர்மலிங்கம் தன் மனைவி வசந்தாவின் பாஸ்போர்ட் போட்டோவோடு வந்தான், விசாவுக்கு எழுத. நாற்காலி இழுத்து உட்காரச் சொன்னேன். கதவு திறந்தது. குமரேசன், தன் மனைவி ருக்மணியின் போட்டோவோடு.

மேஜையின் மேல் இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ எதுக்குப்பா வந்த?"

"நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பொட்டலம் வந்தால் கேபின், எது வந்தால் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. மேளத்துக்கு நேரம் இருந்தது, பாலிஷுக்கு நேரம் இருந்தது. அதற்கு மட்டும் இல்லை. அவரவர் ஊர்ச் சாமி கையில் வந்ததும் அவரவர் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக இருவரும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல வேளை, மாறி வரவில்லை. வந்திருந்தால் இருவரும் அழுதிருப்பார்கள். கேபினில் ஒட்டகம்தான் குடியிருந்திருக்கும்.

"குங்குமம்னா சுமங்கலி சார்! பொண்டாட்டிய இட்டுனு வாடான்னு அம்மனே சொல்ட்ச்சு. துன்னூறு இன்னாத்துக்கு? சாமியாருக்கு!"

"ஏ தர்மு, முருகனுக்கு ரெண்டு சம்சாரம். குடும்பஸ்தன் கஷ்டம் அவருக்குத் தெரியாம வேற யாருக்கடா தெரியும்?"

தர்மலிங்கம் வசந்தாவின் போட்டோவை என் பக்கம் இன்னும் தள்ளினான். "அப்போ அவருக்குத்தான் ரெண்டு கேபின் வோணும்" என்றான்.

மறுபடியும் எடுக்கலாமே என்றேன் நான். இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "சாமிகிட்ட ரெண்டு தபா கேக்கக் கூடாது சார்" என்றான் தர்மலிங்கம். "குத்தமுங்க" என்றான் குமரேசன். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

தவிர, நேற்றே இருவரும் தனித்தனியாகப் போய் ஊருக்குத் தந்தி கொடுத்துவிட்டிருந்தார்கள், புறப்படத் தயாராயிரு என்று. இனி யாரோ ஒருத்திக்கு 'வர வேண்டாம்' என்று இன்னொரு தந்தி போக வேண்டும். அதை டைப் அடிக்க வேண்டியவன் நான்.

அன்று மதியம் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆனாலும் துறைமுகம் வந்தது. சால்வைகள் போய் நூல் புடவைகள் வந்திருந்தன. கரையில் நின்றவளுக்கு வசந்தாவின் முகம். திரும்பிப் படுத்தால் ருக்மணியின் முகம்.

மேஜர் பார்த்த தொப்பி

வழக்குக் கொண்டுவரக் கூடாது என்றவரிடமே போனேன். தைரியத்துக்குத் தொப்பியும் வந்தது.

மேஜரின் அறையில் ஏ.சி. தண்ணீர் ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு போட்டோக்களையும் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலங்களைச் சொன்னேன். துறைமுகத்துக் குலுக்கலைச் சொன்னேன். கடைசியில், சிப்பாய்க் குடும்பங்கள் கூடத்தின் மூலையில் கம்பளி கட்டிக் குடியிருந்ததைச் சொல்லி, ஒரே கேபினுக்குக் குறுக்கே ஒரு கம்பளியைக் கட்டினால் என்ன என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் வாளியைப் பார்த்தார். அவருடைய முன்னோர் யாரோ அப்படி ஒரு கம்பளிக்குப் பின்னால் பரங்கிமலையில் பிறந்திருக்க வேண்டும், அதை நினைத்து உருகுகிறார் என்று நான் முடிவுகட்டினேன்.

"அந்தத் தொப்பி எங்கே கிடைத்தது?" என்றார்.

"விக்டோரியா காலத்து ராணுவத் தொப்பி சார்."

வாங்கி உள்பட்டையைத் திருப்பிக் காட்டினார். போர்ட் சயீது துறைமுகத்துக் கடை ஒன்றின் சீட்டு ஒட்டியிருந்தது. சூயஸ் கால்வாயைக் கடக்கும் கப்பல் பயணிகளுக்கு விற்கிற சாமானாம். "இதைச் சிப்பாய் போடமாட்டான். உல்லாசப் பயணி போடுவான். அவனும் இரண்டு நாள்தான் போடுவான்."

தொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு போட்டோக்களையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"ஸ்டோரில் கம்பளி இருக்கிறதா என்று ஸ்டோர்கீப்பரைக் கேள்."

ஸ்டோர்கீப்பர் தர்மலிங்கம். கம்பெனி வரலாற்றில் ஒரு சாமான் அவ்வளவு வேகமாக ஸ்டோரை விட்டு வெளியே வந்ததில்லை. அதைக் கட்டுவதற்குக் கேபினின் சரிபாதியை அளந்து கோடு போட்டவன் டிராப்ட்ஸ்மேன். ஜன்னல் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம் என்று வந்தது. யாருக்கு எது என்று குலுக்கிப் பார்க்கலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

கம்பளிக்கு இரண்டு பக்கம்

இரண்டு பெண்களும் பம்பாயிலிருந்து ஒரே விமானத்தில் வந்தார்கள். அழைத்துவரப் பிக்கப்பில் நானும் போயிருந்தேன். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மணல் முதலில் மஞ்சளாக, பிறகு செங்கல்லாக, பிறகு அந்த வேளைக்கு மட்டும் உண்டான ஒரு கத்தரிப்பூ நிறமாக மாறிக்கொண்டே வந்தது. சாலையை ஒட்டி ஒட்டகங்கள் யோசித்தபடி நின்றன. பின்னால் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்த நான் மலைப்பக்கம் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்காரர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி வண்டியிலிருந்து ஒருத்தி இந்தப் பக்கம் கையசைத்தாள். அவளுக்குச் சீட்டில் என்ன வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முன் இருக்கையில் தர்மலிங்கம் வசந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். "இன்னா, புச்சா பாக்கறா மாதிரி பாக்கற?" என்று அவள் கேட்டது காற்றில் பின்னால் வந்தது.

அந்தக் கேபினில் ஏ.சி. ஓடும்போது கம்பளி மூச்சு விடுவதுபோல இந்தப் பக்கம் உப்பி, அந்தப் பக்கம் உப்பி ஆடும். ஒரு பக்கத்தில் உளுந்து அரைபட்டால் மறுபக்கத்தில் தேங்காய் உடைபடும். கரண்டி கம்பளிக்கு அடியில் போகும், கிண்ணமாக வரும். ருக்மணி கோயம்புத்தூர் மெட்டில் சொல்லத் தொடங்கிய கதையைக் குடியாத்தத்துப் பாஷையில் வசந்தா முடிப்பாள்.

தனியாகப் பேசுவதற்கு அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். ஒரு மாலை ஒரு ஜோடி பேரீச்சந்தோப்புக்கு நடக்கப் போகும். மறுநாள் மற்ற ஜோடி. தோப்புக்குள் மண் வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடும். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது குமரேசனும் ருக்மணியும் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. நானும் வந்த வழியே திரும்பினேன். குமரேசனுக்கு அப்புறம் தெரிந்துவிட்டதாம்: அவளுக்குப் புளிப்பு மாங்காய் பிடிக்குமாம், அவன் விசில் அடிப்பது பிடிக்காதாம்.

தொப்பியை நான் கழற்றிவிட்டேன். அது கேபினுக்குப் போய்விட்டது என்பது பிறகு ஒரு நாள், ரசம் வாங்கப் போனபோது தெரிந்தது. வசந்தா கேபின் வாசல் நிழலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த வெங்காயமெல்லாம் தொப்பிக்குள்.

"காத்தோட்டமா கீதுண்ணா. அழுவறதில்ல" என்றாள்.

வெங்காயம் அழுகாததில் எனக்கும் திருப்திதான். அந்தத் திருப்தியில், அந்தத் தொப்பிக்குள்தான் அவளுடைய தலையெழுத்தே தீர்மானமானது என்று முழுக் கதையையும் சொன்னேன். குங்குமம், திருநீறு, அம்மன் உத்தரவு, முருகன் உத்தரவு, ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது என்று அவள் புருஷன் சாதித்தது, துறைமுகத்துப் பெண்கள், எல்லாம். அவள் உரித்துக்கொண்டே கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன், வெங்காயம்.

"தந்தி வந்ததும் நானும் கெங்கையம்மன் கோயில்ல பூ கட்டிப் பாத்தேண்ணா" என்றாள். "செவப்பு வந்தா போவலாம், வெள்ள வந்தா வாணாம்னு சொல்லிட்டு. மூணு தபா பாத்தேன். மூணு தபாவும் வெள்ளதான் வந்துச்சு."

"அப்புறம் எப்படிம்மா வந்தே?"

"பொட்டிய கட்டியாச்சேண்ணா" என்றாள் வசந்தா. "ஒரு பூவுக்காவ அத யாரு மறுபடி அவுத்துக்கினு கெடக்கறது?"